பி பிரிவில் ஆஷா

மந்தைவெளி, சென்னை
23 ஜூன் 2024

அன்புள்ள தேசம்மாக்காவுக்கு ஜான்சி எழுதுவது.

நானும் அவரும் சுகம். உங்கள் மடத்து மலையில் சாரல் தொடங்கியிருக்கும், உன் நெஞ்சுச் சளி திரும்பாமல் இருக்க வேண்டும் என்று இன்றைய பூசையில் உனக்கென்று தனியாக வேண்டிக்கொண்டேன். கம்பளியை அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீ நடுங்கிக்கொண்டு நிற்பாய், எனக்குத் தெரியும்.

என் பி.எச்.டி. ஒருவழியாக வகுப்பறைக்குள் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அடுத்த வருஷம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இத்தனை வருஷம் பட்ட பாடு வீண். குப்பத்தில் பிறந்தவளுக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று கேட்டவர்கள் ஜெயித்துவிடுவார்கள். அவர்களை ஜெயிக்க விடமாட்டேன்.

நீ படித்தவரைக்கும் புரிகிறாற்போல் சொல்கிறேன். பிள்ளைகள் கணக்கைத் தாளில் போடுவதற்கு முன்னால், அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் தங்கள் வீட்டுப் பேச்சிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கணக்கு வருகிறதா என்பதுதான் என் ஆய்வு. ஒன்பதாம் வகுப்பு இரண்டு பிரிவுக்கும் நான்தான் கணக்கு டீச்சர். ஒரு பிரிவுக்குப் புது முறை, அது சோதனைக் குழு. இன்னொன்றுக்கு வழக்கம்போல் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, அது கட்டுப்பாட்டுக் குழு. எது எதுவென்று தலைமையாசிரியை சூடாமணி மேடம் அறையில் காசைச் சுண்டிப் போட்டோம். புது முறை ஏ பிரிவுக்கு விழுந்தது. நம் நந்தண்ணன் மகள் ஆஷா பி பிரிவு.

என் நெறியாளர் வேதாந்தம் சார் மயிலாப்பூரில் இருக்கிறார், நல்ல மனுஷர், காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். ஆனால் ஆய்வு என்றால் கறார். “கன்ட்ரோல் குரூப் குழந்தைகளுக்கு நீங்க வெளியில ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கப்படாது. கசிஞ்சுடுத்துன்னா டேட்டா அவ்வளவுதான்” என்றார். ஆஷா தினமும் சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுபவள். அவள் என் அண்ணன் மகள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேறு பள்ளியைப் பார் என்பார். இன்னொரு பள்ளிக்கு அனுமதி வாங்க இன்னொரு வருஷம் ஓடிவிடும்.

ஆகவே மார்ச் முடியும்வரை அவளை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன். முடிந்ததும் பி பிரிவு முழுசுக்கும் புது முறையில் சொல்லிக்கொடுத்துவிடுவேன், ஆய்வில் அப்படி ஒரு வழக்கமே உண்டு. இருந்தாலும் மனசு என்னவோபோல் இருக்கிறது. நீ அவளுடைய ஞானத்தாய். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் ஜெபத்தில் எங்களை மறக்காதே.

உன் தங்கை
ஜான்சி

*

இயேசு மரி சூசை

மடம்
19 ஜூலை 2024

கண்ணு ஜான்சி,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். சளி இல்லை, கம்பளியும் என்னிடமே இருக்கிறது, சந்தேகப் பிராணி.

கணக்கு வராமல் பாயில் புரண்டு அழுத பிள்ளை இன்றைக்குக் கணக்கில் டாக்டர் ஆகப்போகிறாள். உணவறையில் மற்ற சகோதரிகளிடம் சொல்லப் பேச்சு அனுமதி இல்லாத நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் இங்கே சேர்ந்த முதல் வருஷம், நன்றாகப் பூத்திருந்த டேலியாச் செடிகளையெல்லாம் பிடுங்கிப் பின்பக்கம் நடச் சொன்னார்கள். பாதி செத்துப்போயின. ஏன் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஒருவரை வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டால் அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும். பிடித்த இடத்தில் மட்டும் கீழ்ப்படிவது கீழ்ப்படிதலே இல்லை.

ஆஷா கெட்டிக்காரி. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்தபோது அழாமல் குருவானவரை முறைத்த பிள்ளை. ஒரு வருஷம் தாங்குவாள். நீ உன் சார் சொன்னபடி செய்.

மாதம் ஒரு கடிதம்தான் எங்களுக்கு. டிசம்பரில் திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் அதுவும் கிடையாது, தெரியும்தானே. அதற்குள் நிறைய எழுது.

உனக்காக வேண்டுகிற
தேசம்மாள்

*

மந்தைவெளி
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம்தான். பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்தே போய்வந்ததில் கால் இரண்டும் வீங்கி, இப்போதுதான் வடிகிறது. உன் பேருக்கும் மெழுகுத்திரி ஏற்றினேன்.

அக்கா, ஏ பிரிவை நீ பார்க்க வேண்டும்! வகுப்பா அது, மீன் மார்க்கெட். எதிர்ம எண் என்றால் போன வருஷம் வரை எல்லாம் முழிக்கும். இப்போது ஷரஃபுதீன் என்று ஒரு பையன் எழுந்து, “மிஸ், மைனஸ்னா லிஃப்டுல பேஸ்மென்ட்டுக்குப் போறது. மைனஸ் மூணுலேர்ந்து ரெண்டு மாடி ஏறுனா மைனஸ் ஒண்ணாண்ட நிப்போம், வெளிய வரமாட்டோம்” என்கிறான். மொத்த வகுப்பும் லிஃப்டில் ஏறி இறங்குகிறது. போடாத கணக்கே இல்லை. இருபது வருஷமாக நான் டீச்சர் வேலை பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று மாதத்தில்தான் எனக்கே பாடம் நடத்த வருகிறது. ஆய்வு என்னை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பீரியட் பி பிரிவு. அங்கே வாயைக் கட்டிக்கொண்டு போகிறேன். பலகையில் எழுது, எழுதினதைப் பார்த்து எழுது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் மரத் தடுப்புதான். ஏ பிரிவு சிரிப்பதெல்லாம் பி பிரிவுக்குக் கேட்கும். போன வாரம் ஆஷா கை தூக்கினாள். “மிஸ், அவுங்க மாதிரி நாங்களும் பேசிக்கினே போடலாமா?” என்றாள். எழுது என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

நந்தண்ணன் வலை பிரித்துப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்தான். “இன்னா ஜான்சி, புள்ளைய ஊட்டாண்ட வராதேன்னியாமே? டாக்டரு பட்டம் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ளியும் கதவ சாத்திட்ட?”

“மார்ச் வரைக்கும்தான்ணா.”

“அதுக்குள்ள பரிச்ச வந்துடாது? அது வந்து நிக்குமா உன் மார்ச்சுக்கு?”

அவனுக்கு என்ன தெரியும் ஆய்வைப் பற்றி என்று கோபம்தான் வந்தது. டீ குடிக்காமல் போய்விட்டான்.

மற்றபடி விசேஷம் இல்லை. குளிருக்கு முன்னால் உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

ஜான்சி

*

இயேசு மரி சூசை

மடம்
20 அக்டோபர் 2024

கண்ணு ஜான்சி,

தேவ தாயின் நிழலில் நலமாக இருக்கிறோம். இங்கே மழை விடவில்லை, துணி காய மூன்று நாள் ஆகிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்த லிஃப்டுப் பையனை எனக்கும் பிடித்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏ பிரிவைப் பற்றி இத்தனை எழுதினாய். ஆஷா கை தூக்கினாள், உட்கார்ந்தாள் என்று எழுதினாய். அதற்குப் பிறகு கை தூக்கினாளா? சாப்பிடுகிறாளா? உன்னிடம் பேசுகிறாளா? அம்மா போன பிறகு நந்தனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் டீ குடிக்காமல் போனான் என்றால் சும்மா போயிருக்க மாட்டான்.

செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த காரியத்தை முடி. ஆனால் அடுத்த கடிதத்தில் ஆஷாவைப் பற்றி எழுது.

தேசம்மாள்

*

மந்தைவெளி
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து தாமதமாகத்தான். இந்த முறை கேக் செய்யவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் சரியில்லை.

உன் அக்டோபர் கடிதத்துக்கு நவம்பரிலேயே பதில் எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். ஏ பிரிவைப் பற்றித்தான் வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஆஷா சாப்பிடுகிறாள். என்னிடம் பேசுவதில்லை. கை தூக்குவதும் இல்லை. கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அரையாண்டில் கணக்கில் அவள் இருபதைத் தொடவில்லை அக்கா. என் வீட்டில் உட்கார்ந்து படித்தபோது எண்பதுக்குக் குறைந்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவரிடம்கூட இதைச் சொல்ல வாய் வரவில்லை. பி பிரிவு விடைத்தாள்களைத் திருத்தினேன். ஒவ்வொரு தப்பையும் சுழிக்கும்போது உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம். இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் எவ்வளவுக்கு எவ்வளவு பெரிதாக வருகிறதோ அவ்வளவுக்கு என் ஆய்வு நல்லது. பிள்ளைகள் தோற்கத் தோற்க எனக்கு ஜெயம். இருபது வருஷ டீச்சர் நான், பிள்ளைகள் ஃபெயில் ஆவதைப் பார்த்துக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஆஷாவின் தாள் வந்தது. அதைத் திருத்தும்போதும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

வேதாந்தம் சார் எண்களைப் பார்த்து, “பேஷ், இப்படியே கொண்டுபோங்கோ” என்றார்.

பிப்ரவரியில் ஆய்வுக்கான பின்தேர்வு. அதற்கப்புறம் ஒரு இடைவெளி விட்டு, படித்தது மனசில் நிற்கிறதா என்று பார்க்க நினைவுத் தேர்வு, மார்ச் கடைசியில். அதுவரை பி பிரிவைத் தொடக்கூடாது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுது.

ஜான்சி

*

இயேசு மரி சூசை

மடம்
1 மார்ச் 2025

கண்ணு ஜான்சி,

ஆண்டவர் உன்னைத் திடப்படுத்துவாராக.

உனக்கு உடனே பதில் எழுதவில்லை. பிப்ரவரிக் கடிதத்தை வேண்டுமென்றேதான் விட்டேன். கோபத்தில் எழுதி அனுப்பினால் திருப்பி வாங்க முடியாது. இப்போது கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றி: குருவானவரிடம் போ, சொல்லு. சொல்லாமல் வைத்தால் புளிக்கும்.

ஆஷாவைப் பற்றி: இன்னும் ஒரு மாதம்தான். பாதியில் உடைத்தால் உனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. முடித்துவிடு. முடிந்த மறுநாளே அவளைக் கூட்டிவந்து ராப்பகலாகச் சொல்லிக்கொடு. ஆண்டுத் தேர்வுக்கு அதற்குப் பிறகும் நாள் இருக்குமே. அவள் பிடித்துக்கொள்வாள்.

வருகிற புதன் சாம்பல் பூசுகிறார்கள். இனி ஏப்ரலில் உயிர்ப்பு ஞாயிறு வரை எனக்குக் கடிதம் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. நந்தன் யார் பேச்சைத் தட்டினாலும் என் பேச்சைத் தட்ட மாட்டான். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் உயிர்ப்புக்குப் பிறகு அவனுக்கு எழுதுகிறேன். இந்தத் தவக்காலம் முழுவதும் ஆஷாவின் படிப்புக்கென்றே ஒப்புக்கொடுக்கப்போகிறேன்.

தேசம்மாள்

*

மந்தைவெளி
15 மார்ச் 2025

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துவிடு. தவக்காலம் என்று தெரியும். இன்று காலை மடத்துக்குப் போன் செய்தேன். வாசல் சகோதரி எடுத்தார். “யாராவது இறந்துட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்போ எழுதி அனுப்புங்க, மதர்கிட்ட கொடுக்கிறேன்” என்றார். அதனால்தான் உறையில் சிவப்பு மையில் அவசரம் என்று எழுதியிருக்கிறேன். கெஞ்சியாவது பிரித்துப் படி.

பின்தேர்வில் ஆஷா எழுதியது வெறும் கேள்வி எண்கள்தான். திருப்புதல் தேர்விலும் அதே கதை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெடக்கூடாது என்று ஒன்பதாவதிலேயே, ஆண்டுத் தேர்வுக்குக்கூடக் காத்திராமல், சூடாமணி மேடம் களை எடுக்கிறார். நந்தண்ணனைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இங்கேயே ஒன்பதாவதை மறுபடி படிக்கட்டும், அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற பொம்பளை ஒருத்தி குப்பத்துக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறாள். கடைக்குப் பின்னாலேயே ஹாஸ்டல், சாப்பாடு. நான் போய்ச் சண்டை போட்டேன்.

“படிச்சவரைக்கும் போதும் வுடு. கூடப்படிக்கிற புள்ளைங்க முன்னாடி இன்னோரு வர்சம் குந்த வெக்கச் சொல்றியா? நாண்டுக்கினு செத்துடும்.”

“நான் சொல்லிக்குடுக்கறேண்ணா. மார்ச் முடியட்டும்.”

“நீயா? உங்கிட்டதான் வர்சம் பூரா படிச்சுது. உன் ஊட்டுப் புள்ளைய உன்னால பாஸ் பண்ண வெக்க முடியல, நீ இன்னாத்துக்கு டாக்டரு?”

ஆஷா உள்ளேதான் இருந்தாள். வெளியே வரவில்லை.

இரண்டு காரியம் கேட்கிறேன். ஒன்று, அண்ணனுக்கு ஒரு வரி எழுது. ‘பிள்ளை அங்கேயே படிக்கட்டும், கையெழுத்துப் போடு’ என்று நீ எழுதினால் போதும், அவன் போட்டுவிடுவான். இரண்டு, நான் இப்போதே ஆய்வைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஷாவைக் கூட்டிவந்து உட்கார வைக்கலாமா? நீ முடித்துவிடு என்று எழுதியிருக்கிறாய். முடிக்காதே என்று ஒரு வார்த்தை எழுதினால் நாளைக்கே நிறுத்திவிடுகிறேன். மாதக் கடைசிக்குள் பதில் வர வேண்டும்.

ஜான்சி

*

மந்தைவெளி
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

இதை நீ உயிர்ப்புக்குப் பிறகுதான் படிப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல ஆளில்லை.

உன் பதில் வரும் என்று தினமும் தபால்காரரை வழிமறித்தேன். வரவில்லை. நினைவுத் தேர்வுக்கு முந்தின திங்கட்கிழமை அண்ணன் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனான். நான் அப்போது ஏ பிரிவில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆஷா சீருடையில் வரவில்லை, சுடிதாரில் வந்திருந்தாள். அன்றைக்கே ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டானாம்.

நினைவுத் தேர்வை முடித்துவிட்டு எண்களை எடுத்துக்கொண்டு வேதாந்தம் சார் வீட்டுக்குப் போனேன். பி பிரிவில் ஒரு மாணவி குறைகிறாள் சார் என்றேன். “ஒண்ணும் ஆகாது. விலகல்னு ஒரு வரி போட்டுடுங்கோ” என்றார். அந்தப் பிள்ளை போனதில் பி பிரிவின் சராசரி கொஞ்சம் ஏறியிருந்தது. அதுதான் அவருக்குக் கவலை.

எனக்கு என்ன ஆனதோ, “அது என் அண்ணன் பொண்ணு சார்” என்று கத்திவிட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“சொந்த அண்ணா குழந்தையா? அப்போ அவளை சாம்பிள்லயே சேர்த்திருக்கப்படாதே! உறவுக்காராளை எடுத்துடறதுதான் வழக்கம். ஜூன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா அவளை மட்டும் கணக்குலேர்ந்து விட்டுட்டு மத்தவாளை வெச்சுண்டு பண்ணியிருப்போம். நீங்க பாட்டுக்கு ஆத்துல அவளுக்கு வேணுங்கறதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஏம்மா சொல்லலை?”

வேறு பள்ளி பார்க்கச் சொல்வீர்கள் என்று பயந்தேன் என்றேன். “அசடு. ஒரு குழந்தைக்காகப் பள்ளிக்கூடத்தை மாத்துவாளா யாராவது?” என்றார். திட்டவில்லை அக்கா. பாவப்பட்டார். நான் வெளியே வந்து குளக்கரை வரை நடந்து ஒரு செருப்புக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை. பத்து மாதமும் அவள் என் வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கலாம். ஆய்வும் நடந்திருக்கும்.

ஜான்சி

*

இயேசு மரி சூசை

மடம்
22 ஏப்ரல் 2025

ஜான்சி,

உயிர்த்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் மார்ச் கடிதம் வந்த அன்றே மதர் என்னைக் கூப்பிட்டார். அவசரம் என்று நீ எழுதியிருந்ததைக் காட்டினார். “தவக்காலம்தான். ஆனாலும் நீங்கள் பிரித்துப் படிப்பதானால் அனுமதி கொடுக்கிறேன்” என்றார். நான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தத் தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல் செய்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். இறைச்சியும் இனிப்பும் எனக்கு ஒரு பொருட்டில்லை. என்னிடம் மிச்சம் இருக்கிற ஒரே ஆசை உன் கடிதம். அதனால் அதைப் பிரிக்காமல் இருப்பதை ஆஷாவின் படிப்புக்காக ஒப்புக்கொடுத்தேன். மதர் மேசைமேல் அதை வைத்திருந்தார். சுத்தம் செய்யப் போகும்போதெல்லாம் உன் கையெழுத்தைப் பார்ப்பேன். பிரிக்கத் துடிக்கும். துடிக்கத் துடிக்கப் பிள்ளைக்கு நல்லது நடக்கும் என்று எண்ணிக்கொள்வேன். உயிர்ப்பு ஞாயிறு காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு சந்தோஷமாகப் பிரித்தேன்.

அன்றைக்கே மதரிடம் தனி அனுமதி வாங்கி நந்தனுக்கு எழுதிவிட்டேன். அவன் கூட்டிவருவான். கூட்டிவராவிட்டால் நீ போ. ஆஷா தன்னை மண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த நினைப்போடு அந்தப் பிள்ளை வளரக்கூடாது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லு. அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் எழுந்து வந்துவிடுவாள். இதை உன் அக்காவாகக் கேட்கவில்லை, அவள் ஞானத்தாயாகச் சொல்கிறேன்.

எனக்காக நீ வேண்டிக்கொள்.

தேசம்மாள்

*

மந்தைவெளி
29 ஜூன் 2025

அன்புள்ள தேசம்மாக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உனக்கு முன்பு எழுதாத ஒன்று. நினைவுத் தேர்வு முடிந்த மறுநாளே, வாக்குக் கொடுத்தபடி பி பிரிவுக்குப் போய்ப் புது முறையில் தொடங்கினேன். ஆண்டுத் தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவ்வளவே போதுமாக இருந்தது அக்கா. வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து பேசின. பாதிப்பேருக்கு மேல் தேறிவிட்டார்கள். அவ்வளவு சுலபம். நான் பலகை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டின் கடைசியில் ‘ஆசிரியராக என் கற்றல் பயணம்’ என்று ஒரு பகுதி எழுதச் சொன்னார் வேதாந்தம் சார். எழுதினேன். பொறுமையைக் கற்றேன், திட்டமிடக் கற்றேன், மாணவர் குரலைக் கேட்கக் கற்றேன் என்று எழுதினேன். சார் ஒரு கமா மட்டும் திருத்தினார். ஆஷா அதில் இல்லை. அவள் நாலாம் இயலில் ‘விலகல்: ஒன்று’ என்று இருக்கிறாள்.

நந்தண்ணன் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். “அக்கா முன்னாடியே சொல்லியிருந்தா உட்டுருப்பனா? இப்ப நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு போய்க் கூப்புடுவேன்? நீ போ” என்றான். கோடை விடுமுறை முடிந்துதான் சூடாமணி மேடத்தைப் பார்க்க முடிந்தது. ஆஷா திரும்ப வந்தால் ஒன்பதாவதில் சேர்த்துக்கொள்வதாக அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, போன ஞாயிறு நான் தி. நகர் போனேன்.

கடையில் கூட்டம் நெரிந்தது. சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். கடைச் சேலை, கொண்டை. பார்த்தால் பதினெட்டு இருபது சொல்வார்கள், பதினைந்து முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே விட்டார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்றோம். உட்காரச் சொன்னேன். “வேணா அத்தை, குந்துனா திருப்பி எந்திரிக்க முடியாது” என்றாள். நாள் முழுக்க நின்று கால் பொங்கியிருந்தது.

வா, படிக்கலாம், மேடம் ஒத்துக்கொண்டார் என்றேன்.

“எதுக்கு அத்தை? எனக்கு வராது. எல்லாம் புரிஞ்சிக்கினு எழுதுதுங்க, எனக்கு மட்டும் மண்டையில ஏறல. உங்கிட்ட படிச்சே வரலன்னா வேற யாராண்ட வரும்?” கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிறாற்போல் சொன்னாள்.

அப்போதுதான் நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். காசு சுண்டிப் போட்டது, ஏ பிரிவுக்கு ஒரு மாதிரியும் பி பிரிவுக்கு ஒரு மாதிரியும் நடத்தியது, அவளை வீட்டுக்கு வரவேண்டாம் என்றது, சாரிடம் மறைத்தது, எல்லாவற்றையும். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நீ மண்டு இல்லை, நான் உனக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவள் ஜூஸைத் தொடவில்லை.

“நான் ஃபெயிலாயிக்கினே கீறேன்னு உனுக்குத் தெரியுமா அத்தை?”

“தெரியும்.”

“சொல்லிக்குடுத்தா வந்துடும்னும் தெரியுமா?”

“தெரியும்.”

முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன்.

“எனக்குப் படிப்பு வராதுன்னு நெனச்சிக்கினு சும்மா நின்னுக்கினு இருந்தேன். பளகிப்போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வந்து ஏன் சொன்ன? இனிமே நான் எப்டி அங்க போயி நிப்பேன்?”

நான் கையைப் பிடித்தேன். உதறவில்லை. மெதுவாக எடுத்துக்கொண்டாள். “டைம் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள். மறுபடி இரண்டு தரம் போனேன். பார்க்க வர மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

நாளைக்கு ஆய்வேட்டைக் கொடுக்கிறேன். பட்டம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. சார் சொன்னபடி செய்தேன், நீ சொன்னபடி செய்தேன், கடைசியில் சொல்லச் சொன்னாய், அதையும் சொன்னேன். பதில் எழுதும்போது உன் சுகத்தை மட்டும் எழுது. இதைச் செய் அதைச் செய் என்று ஒன்றும் எழுதாதே. எழுதினால் நான் செய்துவிடுவேன்.

ஜான்சி